டோவாஜாக் கணப்படுப்பு

(கோவையில் வார்ப்படத் தொழிலாளர்களும் பேட்டர்ன் ஆசாரிகளும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நாற்பது ஆண்டுகள் பீளமேட்டில் பம்ப் பாகங்களுக்கு மரப் பேட்டர்ன் செய்தவன் நான். இன்று பம்பைப் பற்றிப் பேசப் போவதில்லை. மனிதன் குளிர் காய்வதற்காக வார்த்த இரும்பைப் பற்றிப் பேசப் போகிறேன். மார்கழியில் ஒரு சால்வையோடு சமாளித்துவிடும் நமக்கு இது அந்நியமான பொருள்தான். ஆனால் இதைச் செய்தவர்கள் நமக்கு அந்நியர்கள் அல்லர். மணலை இடித்து, பேட்டர்னை உருவி, உருக்கிய இரும்பை ஊற்றியவர்கள். நம் இனம்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் தென்மேற்கில் என் மகள் இருக்கிறாள். ஒரு பனிக்காலம் முழுவதும் அங்கே தங்க நேர்ந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் எண்பதைத் தாண்டியவர். நான் வார்ப்படத் தொழிலாளி என்று மகள் சொல்லக் கேட்டு, தம் களஞ்சியத்துக்கு அழைத்துப் போனார். வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் மார்பளவு உயரத்தில் துருப்பிடித்து நின்றது ஒரு கணப்படுப்பு. கீழே வார்ப்பிரும்புப் பீடம், நடுவில் தகட்டு உருளை, மேலே வார்ப்பிரும்பு மூடி. "இதை மறுபடி எரிய வைக்க முடியுமா?" என்று கேட்டார்.

கையோடு கம்பி பிரஷ் இருந்தது. தேய்க்கப் போனேன். அப்போது என் பழைய மேஸ்திரி நினைவுக்கு வந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அச்சிலிருந்து எடுத்த காஸ்டிங்கை நான் அவசரமாகத் தேய்க்கத் தொடங்கியபோது கையைப் பிடித்துச் சொன்னார்: "முதல்ல தட்டிப் பாரு கண்ணு. அதுவே சொல்லும்." பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன். அந்த அடுப்பைத் தேய்க்கத் தொடங்கியது அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான். அந்த மூன்று வாரத்தில் கற்றதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அமெரிக்கக் கணப்படுப்பு என்றதும் எல்லோரும் பெஞ்சமின் ஃபிராங்க்ளினைச் சொல்வார்கள். 1740களின் தொடக்கத்தில் அவர் ஒரு கணப்பை வடிவமைத்தார். 1744இல் அதை விளக்கிச் சிறுநூலும் வெளியிட்டார். ஆளுநர் காப்புரிமை தர முன்வந்தும் மறுத்துவிட்டார். பிறருடைய கண்டுபிடிப்புகளால் நாம் பயன் பெறுகிறோம், நம்முடையதையும் தாராளமாகத் தருவதே முறை என்பது அவர் நிலை. உண்மையில் அந்தக் கணப்பு சரியாக எரியவில்லை. புகையைக் கீழே இறக்கி மீண்டும் மேலே ஏற்றும் பாதை வைத்திருந்தார். புகைபோக்கி நன்றாகச் சூடேறியிருந்தால் ஒழிய இழுவை கிடைக்காது. பின்னால் வந்தவர்கள் அந்தப் பாதையை மாற்றித்தான் அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஃபிராங்க்ளினுக்கு முன்பே பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் ஐந்து இரும்புப் பலகைகளைப் பெட்டியாகப் பூட்டிச் சுவரோடு பொருத்திக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பலகைகளில் விவிலியக் காட்சிகளை வார்த்திருப்பார்கள். ஆதாம் ஏவாள், காயீன் ஆபேல், கானாவூர்க் கல்யாணம். ஹென்றி மெர்சர் என்பவர் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து 1914இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். டாய்ல்ஸ்டவுனில் அவர் பெயரால் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு யாராவது போனால் அந்தப் பலகைகளின் ஓரங்களைப் பாருங்கள். மரத்தில் செதுக்கிய உளியின் போக்கு இரும்பில் அப்படியே பதிந்திருக்கும். செதுக்கிய ஆசாரியின் பெயர் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. கைவேலை மட்டும் நிற்கிறது.

19ஆம் நூற்றாண்டில் இந்தத் தொழிலின் தலைநகரம் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியும் டிராயும். ஹட்சன் ஆறு பக்கத்தில் ஓடுகிறது. 1825இல் ஈரி கால்வாய் திறந்ததும் மேற்கே சரக்கு அனுப்ப வழி பிறந்தது. இவற்றோடு நம்மவர்களுக்கு உடனே புரியக்கூடிய இன்னொரு காரணமும் உண்டு. ஆல்பனி மணல். மாவு போல நைசானது. களிமண் இயற்கையாகவே கலந்திருப்பதால் கையில் பிடித்தால் பிடித்தபடி நிற்கும். கால் அங்குலத்துக்கும் குறைந்த கனத்தில், பூவும் கொடியுமாக ஒரு பலகையை வார்க்க வேண்டுமென்றால் அந்த மணல் வேண்டும். இரும்பும் அதற்கேற்ற இரும்புதான். பாஸ்பரஸ் கூடுதலாக இருக்கும். தண்ணீர் போல ஓடி இண்டு இடுக்கெல்லாம் நிரம்பும். ஆறியபின் கண்ணாடி போல உடையும். இந்தக் கடைசிக் குணத்தை மறந்ததால் எனக்கு நேர்ந்ததைப் பிறகு சொல்கிறேன்.

அந்த மணலில் வார்த்த மோல்டர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றில் இரும்பு மோல்டர்கள் முன்வரிசைக்காரர்கள். 1859இல் ஃபிலடெல்ஃபியாவில் தேசிய அளவில் சங்கம் கூட்டினார்கள். அந்தச் சங்கத்தை நாடெங்கும் கட்டி எழுப்பிய வில்லியம் சில்விஸ் ஓர் அடுப்பு மோல்டர். டிராயில் 1866இல் முதலாளிகளோடு பெரிய மோதல் வந்தபோது, தொழிலாளர்கள் தாங்களே காசு போட்டுக் கூட்டுறவு வார்ப்படச் சாலை தொடங்கினார்கள். பழைய அடுப்பின் அழகைப் பார்க்கிறவர்கள் இதையும் நினைக்க வேண்டும்.

இரும்பு அடுப்பு வந்தபோது எல்லோரும் அதைக் கொண்டாடவில்லை. 1843இல் எழுத்தாளர் ஹாதோர்ன் ஒரு கட்டுரையே எழுதினார், வீட்டிலிருந்த திறந்த நெருப்பைப் பறித்துவிட்டார்கள் என்று. வால்டன் குளக்கரையில் இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு சிறு அடுப்பு வைத்துக்கொண்ட தோரோவும், அது நெருப்பை மறைத்துவிட்டது, ஒரு துணையை இழந்ததுபோல் இருக்கிறது என்று வருந்தியிருக்கிறார். சூடு கூடியது, நெருப்பின் முகம் போய்விட்டது. மனிதர்களுக்கு இந்தக் குறை நிஜமாகவே இருந்தது என்பதற்கு அடுப்பே சாட்சி. நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த பெரிய நிலக்கரி அடுப்புகளில் கதவெல்லாம் சன்னல் வைத்தார்கள். அந்தச் சன்னலுக்குக் கண்ணாடி போடவில்லை, காக்காப்பொன் போட்டார்கள்.

ஆமாம், நம் சித்த வைத்தியர் அப்பிரகம் என்று பற்பம் செய்கிறாரே, அதே பொருள். ஏடு ஏடாக உரியும், கத்தரியால் வெட்டலாம், சூட்டுக்கு வெடிக்காது. அதன் வழியே தெரியும் தணலுக்குத் தேன் நிறம். காக்காப்பொன்னுக்கு உலகத்தில் பேர்போன இடங்களில் ஒன்று நம் நாட்டுக் கோடர்மா. இன்னொன்று அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர். அமெரிக்கக் கூடத்து அடுப்பைப் பற்றிப் பேசும்போது நம் பக்கத்துச் சுரங்கத்தை நினைக்க எனக்குப் பிடிக்கிறது.

அந்த நிலக்கரி அடுப்பின் வேலைப்பாட்டைச் சொல்லாமல் போக மனமில்லை. நடுவில் ஒரு குதிர் தொங்கும். காலையில் அதில் ஆந்த்ரசைட் கரியை நிரப்பினால், அடியில் எரிய எரிய மேலிருந்து தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். நாள் முழுக்கத் தீ அணையாது. சூடான புகை நேரே மேலே போய்விடாமல் பீடத்துக்குள் இறங்கிச் சுற்றி, தரையைச் சூடாக்கிவிட்டுத்தான் வெளியேறும். தீ மூட்டும்போது மட்டும் ஒரு டேம்பரைத் திறந்து புகையை நேர்வழியில் விடுவார்கள். ஃபிராங்க்ளினுக்குக் கைகூடாத இறங்குபாதை, நூறாண்டு கழித்து ஒரு சிறு டேம்பரால் கைகூடியது.

மிச்சிகனுக்கு வருகிறேன். நூற்றாண்டின் கடைசியில் தொழில் மேற்கே நகர்ந்து டெட்ராய்ட் அடுப்பு நகரமாகிவிட்டது. 1893 சிக்காகோ கண்காட்சிக்காக அங்குள்ள ஒரு நிறுவனம் 25 அடி உயரத்தில், 15 டன் எடையில் ஓர் அடுப்பு செய்து வைத்தது. முழுக்க ஓக் மரத்தில் செதுக்கி இரும்பு போல வண்ணம் பூசியது. நூறாண்டுக்கு மேல் நின்ற அந்த மர அடுப்பு 2011இல் தீப்பற்றி எரிந்துபோனது.

களஞ்சியத்தில் நான் பார்த்தது டெட்ராய்ட் அடுப்பு இல்லை. கதவில் துருவுக்கு அடியில் எழுத்து தட்டுப்பட்டது. தேய்க்காமல், சுண்ணாம்புக் கட்டியை எழுத்தின் மேல் படுக்கவைத்து மெல்ல இழுத்தேன். மேடு வெள்ளையாகியது, பள்ளம் கறுப்பாக நின்றது. "ரவுண்ட் ஓக்" என்று தெரிந்தது. அதன் கீழே "எஸ்டேட் ஆஃப் பி. டி. பெக்வித், டோவாஜாக், மிச்சிகன்". மகள் வீட்டிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில் இருக்கும் சிற்றூர் டோவாஜாக்.

ஃபைலோ பெக்வித் கலப்பையும் விதைக் கருவியும் செய்துகொண்டிருந்த சிறு வார்ப்படக்காரர். 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த உருளை அடுப்பைச் செய்யத் தொடங்கினார். ரயில் நிலையங்களுக்கு வாங்கினார்கள், பிறகு வீடுகளுக்கு. விறகும் எரியும், கரியும் எரியும். கட்டுமானம் எளிமை, பொருத்தம் கச்சிதம். அது விற்ற விற்பனையைப் பார்த்து மற்றவர்கள் எல்லாம் தங்கள் அடுப்புக்கும் ஏதோ ஓர் "ஓக்" என்று பெயர் வைத்தார்கள். ஆகவே "ஓக்" என்ற சொல்லை மட்டும் பார்த்து பெக்வித் அடுப்பு என்று எண்ணி ஏமாறக் கூடாது.

நம் அவையில் சிலர் நிமிர்ந்து உட்காரக்கூடிய செய்தி ஒன்று. பெக்வித் சுதந்திர சிந்தனையாளர். 1889இல் அவர் காலமானார். ஊரில் அவர் நினைவாக ஒரு நாடக அரங்கம் கட்டினார்கள். 1893 ஜனவரியில் அங்கே அவருக்குப் புகழுரை ஆற்றியவர் இங்கர்சால். சுயமரியாதை இயக்கம் தமிழில் மொழிபெயர்த்து ஊர் ஊராகக் கொண்டுபோன அதே இங்கர்சால்தான். என் தகப்பனார் பெட்டியில் அந்த மெல்லிய வெளியீடு ஒன்று இருந்தது. அந்த அரங்கத்தை 1960களில் இடித்துவிட்டார்கள். அடுப்புகள் இருக்கின்றன. டோவாஜாக் வரலாற்று அருங்காட்சியகத்தில் வரிசையாகப் பார்க்கலாம்.

பெக்வித் இறந்தது 1889 என்பது தெரிந்ததும் நம் அடுப்பின் வயதுக்கு ஓர் எல்லை கிடைத்துவிட்டது. "எஸ்டேட் ஆஃப்" என்றால் அவருடைய சொத்தை நிர்வகிப்பவர்கள் நடத்திய காலம். எனவே 1889க்குப் பிந்தியது. இப்படித்தான் இரும்பு பேசும்.

அடையாளம் காண்பதில் ஆட்கள் வழக்கமாக இரண்டு இடத்தில் வழுக்குவார்கள். கதவிலோ பீடத்திலோ 18 என்று பெரிதாக ஓர் எண் இருக்கும். மாடல் எண் என்பார்கள், ஆண்டு என்றுகூடச் சொல்வார்கள். ரவுண்ட் ஓக் போன்ற அடுப்பில் அது நெருப்புச் சட்டியின் குறுக்களவு, அங்குலத்தில். அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது. அடுத்தது காப்புரிமைத் தேதி. ஃபிராங்க்ளின் வேண்டாமென்றதை அவருக்குப் பின் வந்தவர்கள் பலகைக்குப் பலகை பொறித்திருக்கிறார்கள். 1842இல் வடிவமைப்புக்கும் காப்புரிமை தரும் சட்டம் வந்ததும் அடுப்புக்காரர்கள்தான் அதை ஓடி ஓடிப் பயன்படுத்தினார்கள். அந்தத் தேதியைப் பார்த்து "இது 1877 அடுப்பு" என்று சொல்லிவிடக் கூடாது. அதற்கு முன் வார்த்ததில்லை என்று மட்டும் சொல்லலாம். ஒரு பேட்டர்ன் இருபது ஆண்டு உழைக்கும் என்று நம்மை விட யாருக்குத் தெரியும்?

தேதி தேய்ந்திருந்தால் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கக் காப்புரிமைகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் செவ்வாய்க்கிழமைகளில்தான் வெளியாகின்றன. "ஜூன் 5, 187" வரை தெரிகிறது, கடைசி இலக்கம் துருவில் போய்விட்டது என்று வையுங்கள். 1870 முதல் 1879 வரை ஜூன் 5 செவ்வாயாக வந்த ஆண்டு ஒன்றே ஒன்றுதான், 1877. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவனுக்கு இது ஐந்து நிமிட வேலை.

பிறகு ஒவ்வொரு பாகத்தின் பின்பக்கமும் பார்க்க வேண்டும். பேட்டர்ன் எண் வார்த்திருப்பார்கள். எல்லாப் பாகத்திலும் ஒரே வரிசை எண் இருந்தால் அது ஒரே தாயின் பிள்ளை. பீடம் ஒரு வரிசையும் மூடி இன்னொரு வரிசையும் காட்டினால், இரண்டு உடைந்த அடுப்பைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் விறகடுப்புக்கு மறுபடி கிராக்கி வந்தபோது, பழைய வடிவத்தைப் பார்த்துப் புதிதாக வார்த்தவையும் சந்தைக்கு வந்தன. கொடியின் நரம்பு மழுங்கி இருக்கும். ஓரத்தில் கிரைண்டர் தடம் இருக்கும். ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது 1930களில் வந்த ஸ்க்ரூ. பழைய அடுப்பில் சதுர நட் இருக்கும்.

இனிப் பழுது பார்த்த கதை. மூன்று வாரமும் பாகத்துக்குப் பாகம் படம் வரைந்து எண் எழுதியபின், மரச் சுத்தியால் ஒவ்வொன்றாகத் தட்டினேன். நல்ல இரும்பு கோயில் மணிபோல் நீண்டு ஒலிக்கும். விரிசல் விட்டது தகரடப்பா மாதிரி "டப்" என்று நிற்கும். பீடம் ஒலித்தது, கதவு ஒலித்தது, மூடி ஒலித்தது. நெருப்புச் சட்டியின் மேல் உட்காரும் வளையம் மட்டும் ஒலிக்கவில்லை.

கழற்றும்போதுதான் என் தவறு. சாம்பல் கதவின் சட்டத்தில் ஒரு போல்ட் நூறாண்டு துருவில் இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருந்தேன். மறுநாள் காலை ஸ்பேனரைப் போட்டுத் திருகினேன். போல்ட் அசையவில்லை, அதைப் பிடித்திருந்த காது உடைந்து கையோடு வந்தது. நூறாண்டு ஒரு குறையும் இல்லாமல் இருந்த காது. ஐந்து ரூபாய் பெறாத போல்ட்டைக் காப்பாற்றப் போய் ஈடில்லாத வார்ப்பை உடைத்தேன். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மீதி போல்ட்டுகளை எல்லாம் ஹேக்சா பிளேடால் அறுத்தும் டிரில் போட்டும் எடுத்தேன். போல்ட் சாகலாம், காது சாகக் கூடாது.

உடைந்த காதை பிரேஸிங் செய்து ஒட்டினேன். முதலில் மரக்கரித் தணலில் மெல்ல மெல்லச் சூடேற்றி, ஒட்டியபின் சாம்பலில் புதைத்து ஓர் இரவு ஆற விட்டேன். ஓரிடத்தை மட்டும் சூடாக்கி வெல்டிங் வைத்தால் இந்த மெல்லிய பலகை பக்கத்திலேயே புது விரிசல் விடும். நெருப்புச் சட்டியிலும் தட்டிலும் வெந்துபோன இரும்பை எந்த வெல்டிங்கும் பிடிக்காது. பல ஆண்டு செஞ்சூட்டில் கிடந்த வார்ப்பிரும்பு உள்ளுக்குள் மாறி ஊதிப் பெருத்திருக்கும். அதை மாற்றத்தான் வேண்டும்.

கால் தாங்கும் நிக்கல் முலாம் பூசிய வளைவுக் கம்பியை, மணல் வீசிச் சுத்தம் செய்யும் ஒரு பட்டறையில் கொடுத்தோம். முலாம் இருக்கிறது, மெல்ல என்று சொல்லித்தான் கொடுத்தோம். முலாமும் போய், அதன் கீழிருந்த பூவின் இதழும் பாதி தேய்ந்து வந்தது. வேகமாக வீசும் கரடு மணல், மோல்டரின் கைவேலையை ஒரு நிமிடத்தில் தின்றுவிடும். முலாம் புதுப்பிக்கும்போது குரோமியம் வைக்கச் சொன்னார்கள், பளபளப்பாக இருக்குமாம். கூடாது என்றேன். குரோமியத்துக்கு நீல மினுமினுப்பு, நிக்கலுக்கு மெல்லிய மஞ்சள் கலந்த வெண்மை. அந்தக் காலத்து அடுப்புக்கு நிக்கல்தான். கறுப்புப் பாகங்களுக்குப் பெயின்ட் வேண்டாம். பென்சிலில் இருக்கிற கிராஃபைட்டைக் குழைத்த அடுப்புப் பாலிஷ் போதும். விரலால் மெல்லியதாகப் பூசி, துணியால் தேய்க்கத் தேய்க்க இரும்பு உள்ளிருந்து மின்னும்.

கதவோரத்துப் பழைய கயிற்றையும் இணைப்பில் அப்பியிருக்கும் சாம்பல்நிறப் பசையையும் வெறுங்கையால் சுரண்டாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். தெரிந்தவர்களைக் கூப்பிட்டு எடுக்க வேண்டிய வேலை அது.

ஒலிக்காத வளையத்துக்கு வருவோம். கையில் எடுத்ததும் மூன்று துண்டாகப் பிரிந்தது. துண்டுகளைச் சேர்த்து வைத்து அதையே பேட்டர்னாக மணலில் பதிக்கலாமே என்றார் பண்ணைக்காரர். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். நமக்குத் தெரியும், வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு அரைக்கால் அங்குலம் சுருங்கும். 18 அங்குல வளையத்தில் மும்மாகாணி அங்குலம் குறைந்துவிடும். சட்டியின் மேல் உட்காராது, இடைவெளியில் புகை கசியும். ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த சுருக்க அளவுகோலை எடுத்தேன். பண்ணைக்காரர் கொடுத்த பைன் மரத்தில் பதினொரு நாள் உட்கார்ந்து புதுப் பேட்டர்ன் செதுக்கினேன். பக்கத்து ஊர்ச் சிறு வார்ப்படச் சாலையில் அதை வார்த்துத் தந்தார்கள். கொண்டுவந்து சட்டியின் மேல் வைத்தபோது, தேங்காய் மூடி பொருந்துவதுபோல் உட்கார்ந்தது.

முதல் தீயை வெட்டவெளியில்தான் மூட்டினோம். பாலிஷ் புகையும், கண் எரியும், வீட்டுக்குள் வைத்து மூட்டக் கூடாது. சிறு சுள்ளியில் தொடங்கி, மூன்று நாளில் மெல்ல மெல்லச் சூட்டை ஏற்றினோம். பின்னர் அவருடைய பட்டறையில் நிறுத்தினோம். சுற்றிலும் எரியக்கூடிய எதுவும் 36 அங்குலத்துக்குள் வராமல் இடம் விட்டோம். புகைபோக்கியைச் சுத்தம் செய்ய ஆள் வந்தார். கார்பன் மோனாக்சைடு வந்தால் கத்தும் கருவி ஒன்றைச் சுவரில் மாட்டினோம். பழைய அடுப்பில் பிரியம் வைக்கிறவன் இந்த மூன்றில் ஒன்றைக்கூட விடக் கூடாது. அந்த நச்சுக் காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

நண்பர்களே, அந்த வளையத்துக்குப் பழைய பேட்டர்ன் ஒன்று எங்கேயாவது கிடைத்திருந்தால் எனக்குப் பதினொரு நாள் மிச்சம். டோவாஜாக்கில் எத்தனையோ ஆசாரிகள் செதுக்கிய மரம் எல்லாம் எங்கே போயிற்று? தொழில் நின்றதும் பல ஊர்களில் அவை விறகாகத்தான் போயிருக்கின்றன. நம் ஊரிலும் அதேதான் நடந்துகொண்டிருக்கிறது. கணபதியிலும் பீளமேட்டிலும் மூடிப்போன பட்டறைகளின் பரணில் தேக்கில் செய்த பேட்டர்ன்கள் கிடக்கின்றன. போன ஆண்டு ஒரு டீக்கடை அடுப்பில் பம்ப் இம்பெல்லர் பேட்டர்ன் எரிவதை நானே பார்த்தேன். உங்கள் பரணில் இருப்பதை இறக்கி, தூசி தட்டி, எந்தப் பாகம், எந்த ஆண்டு, யார் செய்தது என்று பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். வைக்க இடமில்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள், வண்டி எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.